அடி வாங்கியும் திருப்பி அடிக்காத வேட்பாளர்: ஒருவர் தோற்கிறார், ஒருவர் ஜெயிக்கிறார், ஏன்?

திண்ணைவாசி:
தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதங்களை யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (ஏன் என்று கேட்காதீர்கள்). ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. 1988 ஜூலையில் கட்சி மாநாடு முடிந்த சூட்டில் எடுத்த காலப் கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ், குடியரசுக் கட்சியின் பெரிய புஷ்ஷைவிட 17 புள்ளி முன்னால் இருந்தார். அப்புறம், அவர் கவர்னராக இருந்த மாசசூசெட்ஸில் பரோல் மாதிரி விடுப்பில் போய்த் திரும்பாத கொலைக் கைதி ஒருவன் செய்த கொடுமையைத் தூக்கி அவர் தலையில் கட்டினார்கள், தேசபக்தி இல்லாதவர் என்றார்கள். மனிதர் இதற்கெல்லாம் பதில் சொன்னால் தன் தரம் குறையும் என்பது போல இருந்துவிட்டார். கடைசியில் 10 மாநிலமும் தலைநகரமும்தான் மிஞ்சின. 2008இல் ஒபாமாவை முஸ்லிம் என்றார்கள், தீவிரவாதிகளோடு சுற்றுபவர் என்றார்கள், அவரும் குரலை உயர்த்தவில்லை, ஆனால் மாநிலவாரியாகக் கிடைக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் 365 வாங்கி ஜெயித்தார். ஒரே பொறுமைதானே இரண்டும்? என் மச்சானிடம் கேட்டால் "அடிச்சா திருப்பி அடிக்கணும், அவ்வளவுதான் அரசியல்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசவும் சரக்கு இல்லை.

அரைடிக்கெட்:
மச்சான் சொல்வதில் பாதி சரி. ஒபாமா சும்மா இருந்தார் என்று யார் சொன்னது? அவருடைய வாய்தான் சும்மா இருந்தது. வதந்திகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே 2008 ஜூனில் தனியாக ஓர் இணையதளம் திறந்துவிட்டார்கள். அக்டோபரில் பில் ஏயர்ஸ் (ஒபாமாவுக்குப் பழக்கமான, ஒரு காலத்தில் குண்டுவைத்த தீவிர இடதுசாரிக் குழுவில் இருந்தவர்) கதையை வைத்து எதிர்வேட்பாளர் மெக்கெய்ன் தரப்பு தாக்க ஆரம்பித்ததும், மெக்கெய்னின் பழைய கீட்டிங் வங்கி விவகாரத்தைப் (திவாலான வங்கியின் முதலாளிக்குச் சாதகமாகத் தலையிட்டார் என்ற புகார்) பற்றி ஒரு குறும்படமே எடுத்து இணையத்தில் போட்டார்கள். மேடையில் முதலாளி சிரித்துக்கொண்டே நிற்பார், பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2004இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ச் சேவையையே பொய் என்று சில முன்னாள் படைவீரர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் விளம்பரம் போட்டார்கள். முதலில் மூன்றே மாநிலத்தில் ஓடிய சின்ன விளம்பரம் அது, செய்தி சேனல்கள்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பெரிதாக்கின. கெர்ரி நேரடியாக வாயைத் திறந்தது ஆகஸ்ட் 19. அதற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் இல்லை. அரசு நிதி வாங்கியதால் மாநாடு முடிந்த பிறகு சுமார் 7.5 கோடி டாலருக்கு மேல் செலவழிக்க முடியாது, அவர் கட்சி மாநாடோ ஜூலையிலேயே முடிந்துவிட்டது, எதிரே நின்ற சின்ன புஷ்ஷுடையது செப்டம்பர் 2 வரை. ஒரே அளவுப் பணத்தை இவர் ஐந்து வாரம் கூடுதலாக இழுக்க வேண்டும், அதனால் ஆகஸ்டில் கையைக் கட்டிக்கொண்டார். ஒபாமா அந்த அரசு நிதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வசூலில் இறங்கியவர். பெட்டியில் காசு இருந்தால் பொறுமையாக இருப்பது சுலபம் சார்.

கரிசல்காட்டான்:
பணம் சரி, ஆனால் டுகாக்கிஸ் விழுந்ததில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது விவாதத்தில் நெறியாளர் பெர்னார்ட் ஷா எடுத்த எடுப்பில், உங்கள் மனைவியை ஒருவன் பலாத்காரம் செய்து கொன்றால் அவனுக்கு மரண தண்டனை வேண்டும் என்பீர்களா என்று கேட்டார். எந்த மனிதனுக்கும் ரத்தம் கொதிக்கும் கேள்வி. இவரோ ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்குப் பதில் சொல்வது போல, வேண்டாம், மரண தண்டனையை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன் என்று புள்ளிவிவரத்துக்குள் போய்விட்டார். கொள்கையில் தப்பே இல்லை, ஆனால் பார்த்தவர்களுக்கு அது நிதானமாகத் தெரியவில்லை, மரக்கட்டையாகத் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான காட்சி வேண்டுமென்றால் 2000 செப்டம்பரில் பஃபலோவில் நடந்த நியூயார்க் செனட் விவாதத்தைப் பாருங்கள். ஹிலாரியை எதிர்த்து நின்ற ரிக் லாசியோ, வரம்பில்லாத தேர்தல் நன்கொடை வேண்டாம் என்ற உறுதிமொழிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹிலாரி நிற்கும் இடத்துக்கே போய், இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்று விரலை நீட்டுகிறார். ஹிலாரி கைகுலுக்க நீட்டியதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அன்று ராத்திரி லாசியோ ஜெயித்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் ஒரு பெண்ணிடம் போய் முண்டுகிறானே என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. ஹிலாரி 12 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எடிசன் மாமி:
இங்கே அமெரிக்காவில் இருபது வருஷமாக இருக்கிறேன், 2008 முழுக்க நேரில் பார்த்தேன். தம்பி, நீங்கள் எல்லோரும் பொறுமையை ஏதோ தேர்ந்தெடுத்த உத்தி மாதிரி பேசுகிறீர்கள். ஒபாமாவுக்கு வேறு வழியே கிடையாது. கறுப்பர் ஒருவர் டிவியில் ஒரு தடவை கத்தியிருந்தால் போதும், "கோபக்காரக் கறுப்பன்" என்ற பழைய முத்திரையைக் குத்தி அன்றைக்கே கதையை முடித்திருப்பார்கள். மெக்கெய்ன் கோபப்பட்டால் படைவீரரின் ரோஷம், இவர் கோபப்பட்டால் ஆபத்து. ஹிலாரிக்கும் அதே கதைதான். யாருக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது என்று கேட்காமல் பொறுமையைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

அதே ஒபாமா 2012 அக்டோபர் 3, டென்வர் விவாதத்தில் நிதானம் நிதானம் என்று குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார், எதிர்வேட்பாளர் ராம்னி வெளுத்து வாங்கினார். எனக்கே எரிச்சலாக இருந்தது, பாதியில் எழுந்து போய் இட்லி மாவு கரைத்தேன். ஆனால் அடுத்த விவாதத்தில் பாருங்கள். லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தின்மேல் நடந்த தாக்குதலை மறுநாளே பயங்கரவாதச் செயல் என்று சொன்னதாக ஒபாமா சொல்ல, அப்படியா சொன்னீர்கள் என்று ராம்னி பிடித்துக்கொண்டார். அவர் நினைப்பது தப்பு என்று ஒபாமாவுக்குத் தெரியும், ஆனாலும் குறுக்கே பாயவில்லை. "மேலே சொல்லுங்கள், கவர்னர்" என்றார். ராம்னி இன்னும் இரண்டு அடி உள்ளே போய், அப்படிச் சொல்ல அதிபருக்கு 14 நாள் ஆயிற்று என்றார், நெறியாளரே, இல்லை, அவர் அப்படித்தான் சொன்னார் என்று திருத்த வேண்டியதாகிவிட்டது. உறுமீன் வரக் காத்திருந்த கொக்கு!

கரிசல்காட்டான்:
மாமி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மெக்கெய்னைப் பற்றி ஒன்று மட்டும். 2008 அக்டோபரில் மினசோட்டா கூட்டத்தில் ஒரு அம்மா, ஒபாமா அரபுக்காரர், நம்ப முடியவில்லை என்றபோது மைக்கை வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எங்களுக்குள் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். அன்று அவருடைய சொந்தக் கூட்டமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. (அரபுக்காரர் கண்ணியமானவராக இருக்கக் கூடாதா என்று பின்னால் சிலர் கேட்டதும் நியாயம்தான்.)

திண்ணைவாசி:
எல்லோருக்கும் நன்றி. மாமி சொன்ன அந்த இரண்டாவது விவாதத்தை நேற்று ராத்திரி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். "மேலே சொல்லுங்கள்" என்னும்போது ஒபாமாவின் கண்ணைப் பார்க்க வேண்டும். மச்சானுக்கும் அனுப்பினேன். காலையில் ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: "இதுவும் அடிதானே?"