சிவப்பு மாத்திரை, பெட்டகம், சத்துமாவு: உங்களால் மறக்க முடியாதது எது?

மல்லிப்பூ:
இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். கர்ப்பிணிகளுக்குத் தருகிற சிவப்பு இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருக்கும். தினமும் ஒன்றைப் பிரித்து முருங்கை மரத்தடியில் போட்டுவிடுவேன். அட்டை மட்டும் ஒழுங்காகக் காலியாகும். ஒரு நாள் நர்சம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். அட்டையைப் பார்த்து, "பரவாயில்லையே, ஒழுங்கா சாப்பிடுற" என்றார். அப்புறம், மாமியார் செம்போடு நிற்கும்போதே, "வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?" என்று கேட்டார். "இல்லக்கா, எப்பவும் போலத்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு சிரித்தார். இரும்பு உள்ளே போனால் கறுப்பாகத்தான் போகும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்பு புரிந்தது. அடுத்த மாதம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2தான். ஐயன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசியை நரம்பில் ஏற்றினார்கள்.

ஈரோட்டு மருமகள்:
மாத்திரையாவது நம் கையில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அரசு தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகம்? நெய் வந்த அன்றே மைத்துனர் தோசைக்குப் போய்விட்டது. சரி, போகட்டும். பேரீச்சை ஒரு கிலோவைப் பரணில் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்தால் கவருக்குள் வெறும் கொட்டை. தின்றவர் கொட்டையை அதிலேயே போட்டு, வாயை அழகாக மடித்தும் வைத்திருக்கிறார்! பையன் பள்ளிக்கூடம் போகிறான், யார் என்று இன்னும் நான் கேட்கவில்லை.

பழைய அங்கன்வாடிக்காரி:
மல்லிப்பூ, முருங்கைக்கே இரும்பு ஊட்டிய ஆள் நீங்கள்தான். தப்பு உங்களுடையது, நர்சம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கொடுத்த சத்துமாவு ஒரு வீட்டில் மாட்டுத் தொட்டியில் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான், அதனால்தான் கோபம். புதிதாக உண்டானவர்கள் கேளுங்கள். மாத்திரை நான்காம் மாதம் முதல் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். டீ, காபியோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறு நல்லது. குமட்டினால் ராத்திரி படுக்கும்போது போடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடவே கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாவைக் கஞ்சியாகவே காய்ச்சினால் யாருக்கும் இறங்காது. கொஞ்சம் நெய் விட்டு உருண்டை பிடியுங்கள், வெல்லம் அதிலேயே இருக்கிறது. அடையும் தட்டலாம். மாமியாருக்கும் ஒன்று கொடுங்கள், அப்புறம் பரணை யாரும் தொட மாட்டார்கள்.

ஈரோட்டு மருமகள்:
மாமியார் என்று நான் சொல்லவே இல்லையே அம்மா.

யாழ் பிள்ளை:
எங்களுக்கு இலங்கையில் திரிபோஷா, கர்ப்பிணிகளுக்குத் தருகிற சத்துமா. மாதம் இரண்டு பைக்கற், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்தால் நல்ல ருசி. 2022இல் அது வராமல் போனது. கிளினிக்கில் மிட்வைஃப் அன்ரி என் பதிவு அட்டையை நிரப்பிவிட்டு, "இந்த மாசமும் வரேல்லை பிள்ளை" என்றா. நான் எழும்பி வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு, பேப்பரில் சுற்றிய இரண்டு முட்டையைக் கையில் வைத்தா. ஒன்று வெடித்திருந்தது.

மல்லிப்பூ:
நான் அவரைக் குறை சொல்லவில்லை அம்மா. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ரத்தம் ஏறாமல் ஊசி போட்ட அன்றும் பக்கத்தில் நின்றார், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முருங்கை அந்த வருஷம் காய்க்கவும் இல்லை.