கரைக்கும் மரத்துக்கும் இடையிலான தூரம்: பறவைப் படத்துக்கு லென்ஸ் வாங்கிய அனுபவங்கள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் 2016 ஜனவரியில் நின்ற ஒரு காலைப் பொழுதிலிருந்துதான் என் அனுபவத்தைத் தொடங்க வேண்டும். பல மாதங்கள் சேமித்து வாங்கிய புதிய கேமராவும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸும் கையில் இருந்தன. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் சங்குவளை நாரைகளும் கரண்டிவாயன்களும் நத்தைக்குத்தி நாரைகளும் கிளைக்குக் கிளை அமர்ந்திருந்தன. அன்று நான் எடுத்த நானூறு படங்களிலும் மரங்கள்தான் தெளிவாக இருந்தன. பறவைகள் அவற்றின் மேல் வைத்த வெள்ளைப் பொட்டுகளாகவே தெரிந்தன. எந்தக் கேமராவை வாங்குவது என்று மூன்று மாதம் விசாரித்த நான், கரைக்கும் மரத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்பதை ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை.

வீடு திரும்பிய பின் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்; லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகடு) அகலத்தைப் பறவை இருக்கும் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்தால், படச் சட்டத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். என் கேமராவின் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாரைவிடச் சிறியது) 22.3 மி.மீ. அகலம் உடையது. 80 மீட்டர் தூரத்தில் 250 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை அதில் ஏழில் ஒரு பங்குதான். அதே இடத்தில் 600 மி.மீ. லென்ஸ் 3 மீட்டரைப் பிடிக்கும். நாரை மூன்றில் ஒரு பங்காகிவிடும். பத்து மீட்டருக்கு அப்பால் குளத்துக் கொம்பில் அமர்ந்திருக்கும் சிறிய நீல மீன்கொத்திக்கு 400 மி.மீ. போதும், ஏனென்றால் சட்டத்தின் அகலம் 56 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே எத்தனை மி.மீ. வேண்டும் என்ற கேள்விக்கு, நீங்கள் அடிக்கடி போகும் நீர்நிலையில் எங்கே நிற்க முடியும் என்பதே விடை சொல்லும்.

அப்போது என் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, 1993இல் வெளிவந்த கேனான் இஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6 (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்). அதன் எடை 1.25 கிலோ, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி அதில் கிடையாது. மற்றொன்று, டாம்ரான், சிக்மா ஆகிய நிறுவனங்கள் 2013க்குப் பிறகு கொண்டுவந்த 150-600 மி.மீ. ஜூம்கள். இவை வருவதற்கு முன் 600 மி.மீ. என்றாலே ஏறத்தாழ நான்கு கிலோ எடையும் பல லட்ச ரூபாய் விலையும் கொண்ட லென்ஸ்கள்தான் என்பதால், என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு அந்த நீளத்தை முதலில் எட்டச் செய்தவை இவையே என்று சொல்வேன்.

இரண்டையும் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தேன். இதுவரை இந்தப் பொழுதுபோக்குக்காகச் செலவிட்ட பணத்திலேயே மிகவும் பயனுள்ளது அந்த இரண்டு நாள் வாடகைதான். பள்ளிக்கரணையில் தலைக்கு மேல் பறந்த பாம்புத்தாராவை 400 மி.மீ. லென்ஸ் சட்டென்று பிடித்துக்கொண்டது. கையில் அது கனக்கவே இல்லை. ஆனால் அது 3.5 மீட்டருக்கு உட்பட்ட எதையும் ஃபோகஸ் செய்யாது. மறுநாள் வீட்டுச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து அமர்ந்தபோது நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றேன். வேடந்தாங்கலே நான் அதிகம் போகும் இடம் என்பதால் 150-600ஐத் தேர்ந்தெடுத்தேன். பறத்தலை மட்டுமே விரும்பி எடுப்பவராக இருந்திருந்தால் மற்றதை வாங்கியிருப்பேன்.

கேமரா உடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகள் அதே பழைய டிஎஸ்எல்ஆருடன் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) சமாளித்தேன். சுள்ளிகளுக்கு நடுவே கூடு கட்டும் பறவைகளை எடுக்கும்போது அதன் ஃபோகஸ் முன்னால் இருக்கும் சுள்ளியையே பற்றிக்கொள்ளும். 2020க்குப் பிறகு வந்த, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராக்களுள் ஒன்றுக்கு மாறியபோது, பழைய லென்ஸே புதியதைப் போல வேலை செய்தது. வசதி இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக வாங்கட்டும். பணத்தைப் பகிர்ந்து செலவிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் லென்ஸை முதலிலும், உடலைப் பிறகும் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கைமாறி வரும் லென்ஸ் வாங்குவோர் ஒரு சிறு டார்ச்சை எடுத்துச் செல்லுங்கள். நான் இடையில் வாங்கிய ஒரு லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்ததை, பணம் கொடுத்துப் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். பின்புறத்திலிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தினால் அது உடனே தெரியும். கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

*

மேலே எழுதிய நண்பரின் கணக்கு முற்றிலும் சரியானது. ஆனால் அது வெட்டவெளிக்கு உரிய கணக்கு என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வலது தோளில் வலி உண்டு. வால்பாறைப் பயணத்துக்காக உறவினர் ஒருவரிடம் 150-600 ஜூமை இரவல் வாங்கிச் சென்றேன். தேயிலைச் சரிவுக்கு மேல் பறந்த பெரும் இருவாச்சி இணையை அதில் எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதே நாள் காட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிட்டது. 600 மி.மீ.யில் அந்த லென்ஸ் எஃப்/6.3 அளவுக்கே திறக்கும். மர நிழலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 வரை உயர்த்தியும் ஷட்டர் வேகம் நூறில் ஒரு நொடியைத் தாண்டவில்லை. இரண்டு கிலோ எடையைத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் நின்றபின் என் கை நடுங்கியதும் படங்களில் தெரிந்தது.

எஃப்/4 லென்ஸ் எஃப்/6.3ஐ விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இதை மனத்தில் கொண்டு, நீளத்தைக் குறைத்து, நிக்கானின் 300 மி.மீ. எஃப்/4 பிஎஃப் லென்ஸை டி500 கேமராவுடன் வாங்கினேன். 2015இல் வந்த அந்த லென்ஸின் எடை 755 கிராம்தான். கிராப் சென்சாரில் அது, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 450 மி.மீ. லென்ஸ் தரும் கோணத்தைத் தருகிறது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைச் சேர்த்தால் லென்ஸே 420 மி.மீ. எஃப்/5.6 ஆகிவிடும்.

அது எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் பக்கம் வரும் அந்தப் பறவை, காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது என்பது பலருக்கும் தெரியும்; அதாவது, ஒளி மிகக் குறைந்த வேளையில்தான் அது வெளியே வரும். எங்கள் தெருமுனைத் தோட்டத்தில் அதன் குரலை மூன்று மாலைகள் கேட்டேன். நான்காம் மாலை மதில் சுவரில் முழங்கைகளை ஊன்றி, மூச்சை அடக்கிக் காத்திருந்தபோது, சருகுகளைப் புரட்டிக்கொண்டே அது ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு வந்தது. எண்பதில் ஒரு நொடி ஷட்டர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். மூன்று படங்களில் அதன் கண் கூர்மையாக வந்திருந்தது. நீளமான லென்ஸ் என்னிடம் இருந்திருந்தால் அந்த மாலை கிடைத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். பறவை தானாக நெருங்கி வரும் வரை அசையாமல் இருக்கப் பழகிவிட்டால் 300 மி.மீ. குறைவே அன்று.

*

அம்மா அவர்கள் எழுதியதைப் படித்தபின், அதற்கு நேர் எதிரான ஒரு லென்ஸுடன் எனக்குக் கிடைத்த அனுபவத்தையும் சேர்க்கிறேன். கேனான் 2020இல் கொண்டுவந்த ஆர்எஃப் 800 மி.மீ. லென்ஸ் எஃப்/11இலேயே நிலைத்து நிற்பது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எஃப்/5.6 தரும் ஒளியில் கால் பங்குதான் அதற்குள் வரும். ஆறு மீட்டருக்கு உட்பட்டதை அது ஃபோகஸ் செய்யாது; ஃபோகஸ் செய்யும் பகுதியும் சட்டத்தின் நடுவில் சுருங்கிவிடும். ஆனால் 1.26 கிலோ எடையில் 800 மி.மீ. கிடைக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வெயிலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பிப்ரவரியில் கூந்தன்குளத்தின் கரையில் காலை ஏழரை மணிக்கு, வெகு தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த வரித்தலை வாத்துகளை ஆயிரத்தில் ஒரு நொடி வேகத்தில், ட்ரைபாட் இல்லாமலேயே எடுத்தேன். ஒன்பதரை மணிக்குப் பிறகு நீர்ப்பரப்பின் மேல் காற்று கானல் போல் நெளியத் தொடங்கியது. அதன்பின் எடுத்த படங்களில் ஓர் இறகுகூடத் தெளிவாக இல்லை. லென்ஸில் பழுது என்று பயந்து அன்று முழுவதும் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடியலில் அதே லென்ஸ் அருமையாக வேலை செய்தபோதுதான் காரணம் வெப்பக் காற்று என்று புரிந்தது. தூரம் கூடக் கூட இந்த நெளிவும் கூடும். எத்தனை விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் அதை நீக்க முடியாது.

ஊருக்குள் நிலைமையே வேறு. சங்குவளை நாரைகள் அங்கே வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். 800 மி.மீ.யில் ஒரு நாரையின் தலை மட்டுமே சட்டத்துக்குள் அடங்கியது. கூடு முழுவதும் தெரியும் இடத்தைத் தேடி நான் மரத்தடியை நெருங்கியபோது, திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, தாய்ப்பறவை எந்திரிச்சிட்டா குஞ்சு வெயில்ல காஞ்சு போயிரும்" என்றார். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் படித்திருந்தும், அதன் காரணத்தை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தம் வீட்டு மாடிக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கிருந்து பார்த்தபோது கூடு கண் மட்டத்தில், இருபது மீட்டருக்கும் அப்பால் இருந்தது. பையின் அடியில் கிடந்த 70-300 மி.மீ. லென்ஸை மாட்டி, தாய் நாரை சிறகை விரித்து இரண்டு குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதை எடுத்தேன்.