புதுப்பிப்பு: பள்ளிக்கரணை மீன்கொத்திப் படத்தைக் கைவிட்டேன்

கருப்பு வெள்ளை மீன்கொத்தி தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயும் நொடி சிக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/3200 நொடிக்கு ஏற்றச் சொன்னீர்கள். ஏற்றினேன், பாய்ச்சலும் சிக்கியது. ஆனாலும் படம் தேறவில்லை.

காரணம் வெளிச்சம். நான் நிற்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ரேடியல் சாலையோரம், பார்ப்பது தெற்கே. மார்கழியில் சூரியனும் தெற்கே சாய்ந்துதான் போகிறது. காலையில் போனாலும் மாலையில் போனாலும் எதிர்வெளிச்சம்தான். பறவையின் வயிறு கரிக்கட்டை மாதிரி விழுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் விழும் ஒளியின் அளவைக் கூட்டினால் பின்னால் வானம் வெளுத்துப் போகிறது. ஆணுக்கு நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டை, பெண்ணுக்கு நடுவில் விட்டுப்போன ஒற்றைப் பட்டை. அதுகூடத் தெரியாத படத்தை வைத்து என்ன செய்ய?

பறவை வராதது, குறி தப்புவது, இதெல்லாம் என்றால் இன்னும் காத்திருப்பேன். நிற்கும் இடமே தப்பு என்றால் பொறுமை உதவாது. ஜூனில் சூரியன் வடக்கே வரும்தான், ஆனால் அதற்குள் தண்ணீர் வற்றி, மீன்கொத்தி வேறு குளம் பார்த்துப் போயிருக்கும்!

ஒன்று மட்டும் மிச்சம்: பாயும் முன் அது அந்தரத்தில் சிறகடித்து நிற்குமே, அதை நிழலுருவமாக எடுத்தேன். நன்றாகவே இருக்கிறது.

சென்னைப் பக்கம் தென்கரையில் நின்று வடக்கே பார்க்கிற மாதிரி ஏரி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றிருக்கிறேன்.