சிங்கப்பூர் – நியூயார்க்: நான் போட்ட கணக்கும் விமானம் எடுத்துக்கொண்ட நேரமும்

மூட்டுவலி உள்ள என் அம்மாவுடன் ஒரு ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு இடைநிறுத்தமின்றிப் பறந்தேன். எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, சுமார் 15,300 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, பதினேழு மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். அந்த அவசரக் கணக்குக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த 15,300 என்பது உலக உருண்டையின் மீது இரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். அந்த நூல் வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும். எங்கள் விமானமோ, இருக்கைக்கு முன்னிருந்த திரையில் நான் பார்த்துக்கொண்டிருக்க, வடகிழக்கே திரும்பி, ஜப்பானைக் கடந்து, பசிபிக் பெருங்கடலின் வடபகுதி வழியாக அலாஸ்காவை நோக்கிச் சென்றது. மேற்கிலிருந்து கிழக்காக மிக உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தவிர, அட்டவணையில் போடும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சென்றடைந்த இடத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். ஆகவே அச்சிட்டிருந்தது பதினெட்டரை மணி நேரத்திற்கும் மேல். பயணச்சீட்டிலேயே இருந்ததை நான் பார்க்கவில்லை.

பதினேழாவது மணி நேரம் முடிந்ததும் அம்மா போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, காலணிகளை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் இருக்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட நாங்கள், அங்குள்ள கடிகாரப்படி மறுநாள் விடியற்காலையில் இறங்கினோம். கோடைக்காலத்தில் இரு நகரங்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால் (குளிர்காலத்தில் பதின்மூன்று), அம்மாவின் முள் கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இன்னொருவரின் அனுபவம்

காற்றின் விளைவை நான் உணர்ந்தது லண்டன் – நியூயார்க் வழியில். தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர்தான். ஆயினும் மேற்கே போகும்போது எதிர்காற்றில் ஏறத்தாழ எட்டு மணி நேரமும், திரும்பும்போது ஏழுக்கும் குறைவாகவும் ஆயிற்று. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசிய நாளில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்திற்குள் லண்டனை அடைந்தது. என் விமானமும் ஒரு குளிர்காலத்தில் நாற்பது நிமிடம் முந்தியே தரையிறங்கியது. ஆனால் எங்களுக்கான நிறுத்துமிடத்தில் வேறொரு விமானம் நின்றதால், முந்தி வந்த நேரம் முழுவதும் கதவு திறக்காமலே கழிந்தது. அதனால் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள், அச்சிட்ட வருகை நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.