பொருள்: ‘இடைநிலைச் சுவடு’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

வெள்ளவத்தை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். கூர்ப்பை, அதாவது உயிரினங்களின் பரிணாமத்தை, மறுத்து உலவும் காணொளிகளுக்குப் பதிலாகச் சான்றுகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை பக்கங்களை ஏற்ற வேண்டும். டிக்டாலிக் என்ற பழைய நீர்வாழ் விலங்கின் சுவட்டில் (புதைபடிவத்தில்) முட்டி நிற்கிறேன். 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு பழையது. செதிலும் செட்டையும் உண்டு. செட்டைக்குள் மணிக்கட்டுப் போன்ற எலும்புகளும், மீனுக்கில்லாத கழுத்தும் உண்டு. மீனுக்கும் நாற்கால் விலங்குக்கும் இடைப்பட்டது என்பதால் இதை ‘இடைநிலைச் சுவடு’ என்றேன். உயர்தர மாணவன் ஒருவன் கொப்பியில் முன்பாதி மீன், பின்பாதி பல்லி வரைந்து, “இப்படி ஒன்று எங்கே ரீச்சர்?” என்று நீட்டினான். மறுப்பாளர் கேட்பதும் இதையேதான். நம் சொல்லே அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறது.

கொட்டாஞ்சேனை:
‘நிலைமாறு சுவடு’ என்று வையுங்கள் தங்கச்சி. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். ‘கூர்ப்பு’ எப்படி நிலைத்தது? “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பா பின்னால் நிற்கிறது. அக்கரையில், தமிழ்நாட்டில், ‘பரிணாமம்’ என்று எழுதப்போய்ப் பாதிப்பேர் ‘பரிமாணம்’ என்று அச்சிடுகிறார்கள்.

தெகிவளை:
ஐயா, அந்தச் ‘சிறக்கும்’தான் வில்லங்கம். குகைமீன் பார்வை இழந்ததும் கூர்ப்புத்தான். அதில் எது சிறந்தது? மேலும், சுவடா மாறுகிறது? அது கல்லாய்க் கிடக்கிறது. மாறியது மரபு.

கொட்டாஞ்சேனை:
இழப்புக்குத்தான் அதே நூற்பாவில் ‘கழிவு’ இருக்கிறதே!

தெகிவளை:
அங்கே கழிவு என்றாலும் மிகுதிதான். உரையைப் பாருங்கள்.

மட்டக்குளி:
“புல்லாகிப் பூடாய்” என்று மாணிக்கவாசகர் எப்போதோ சொல்லிவிட்டாரே?

வெள்ளவத்தை ஆசிரியை:
அண்ணா, அங்கே புழுவுக்குப் பின் மரம், பறவைக்குப் பின் பாம்பு. பிறந்து இளைப்பதும் ஒரே உயிர். இங்கே மாறுவது தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம். இதைத் தொகுப்பில் போட்டால் நாளைக்கே கிழித்துவிடுவார்கள்.

பம்பலப்பிட்டி:
‘சந்திச் சுவடு’? இரண்டு கூட்டத்தின் இயல்புகளும் சந்திக்கும் இடம்.

தெகிவளை:
கொழும்புப் பிள்ளைகள் பஸ் தேடுவார்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை:
நேரமில்லை. ‘மாறுகாலச் சுவடு’ என்று போடுகிறேன். மாறுவது சுவடு அல்ல என்பது தெளிவு. ஐயாவின் வினைத்தொகையும் பிழைத்தது. “டிக்டாலிக் தன் காலத்தில் முழு விலங்கு; அரைகுறையாக நீந்தவில்லை” என்று படத்தின் கீழேயே எழுதிவிடுகிறேன். பின்சேர்க்கை: மூவர் சரி என்றார்கள், மட்டக்குளி அண்ணா பதில் தரவில்லை.

தெகிவளை:
நான் சரி என்றது வெள்ளிக்கிழமைக்காக. மாறாத காலம் என்று ஒன்று இருந்ததா, ரீச்சர்? 1861இல் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை பல்லோடும் சிறகோடும் இருந்தது ஒரு மாறுகாலம் என்றால், இன்றைய காகம் எந்தக் காலம்?

கொட்டாஞ்சேனை:
நிலைமாறு சுவடு என்றால் இந்தக் கேள்வியே வராது.