கவிதை: திரட்டில் தொடங்கலாமா, ஒரே கவிஞரைப் பிடிக்கலாமா?

மூன்றாம்வரி:
நண்பர்கள் அனுப்பும் நாலு வரிகளைத் தாண்டிக் கவிதை படித்ததில்லை. ஆசைப்பட்டு ‘சங்கம் முதல் இன்று வரை’ என்கிற மாதிரி ஒரு தடித்த திரட்டை வாங்கினேன். முப்பது பக்கத்தில் மூச்சு முட்டிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வேறு குரல், வேறு நூற்றாண்டு. பழசிலிருந்து வருவதா, புதுசிலிருந்து பின்னால் போவதா?

உரைப்பித்தன்:
பழசுதான். அதுவும் சங்கப் பாடல்களின் தொகுப்பான குறுந்தொகை. 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். சொல் பிரித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் சொற்கள் ஒட்டிக்கிடக்கும் சந்தியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். இலவசமாக வேண்டுமானால் மூலம் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் இருக்கிறது. 1937இல் வந்த உ.வே.சா. உரை கிடைத்தால் விடாதீர்கள்.

கூழாங்கல்:
மூச்சு முட்டுகிறது என்பவருக்கு இன்னொரு திரட்டா? குறுந்தொகையிலும் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆள்தானே, அண்ணா!

நான் சொல்வது: சமகாலத்துக்கு நெருக்கமான ஒரே கவிஞர், ஒரே மெல்லிய புத்தகம். ஆத்மாநாமின் ‘காகிதத்தில் ஒரு கோடு’ 1981இல் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு. அதில் விளையாட்டும் கோபமும் அடுத்தடுத்து இருக்கும். திரட்டுக்காரர் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார், அப்புறம் நமக்கு அவர் பாதி ஆள்தான்.

ஆண்டாளுக்கு நடந்ததும் அதேதான். திருப்பாவை முப்பதும் எல்லோருக்கும் தெரியும். ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று சங்கிடம் மாதவனின் வாய்ச்சுவையைக் கேட்கிற நாச்சியார் திருமொழியை எத்தனை பேர் முழுசாகப் படித்திருக்கிறோம்? ஒரு மாதம் அவளோடு மட்டும் இருந்து பாருங்கள், மார்கழிப் பெண் வேறு ஆளாகத் தெரிவாள்.

உரைப்பித்தன்:
திரட்டை இவ்வளவு மட்டமாகப் பேசாதீர்கள் தம்பி. முத்தொள்ளாயிரம் இன்று கையில் இருப்பதே ஒரு திரட்டால்தான். மூவேந்தரைப் பாடிய அந்த நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஒரு ரசிகர் புறத்திரட்டு என்று தொகுத்தார். அதில் அவர் எடுத்துவைத்த 108 வெண்பாக்களும் உரைகளில் மேற்கோளாக வந்த கொஞ்சமும்தான் மிச்சம். உங்கள் பேச்சைக் கேட்டு அவர் ‘முழு நூலையே படியுங்கள்’ என்று சும்மா இருந்திருந்தால்?

கூழாங்கல்:
காப்பாற்றியது திரட்டு, சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் கேட்டது எப்படிப் படிப்பது என்று. அந்த 108ஐ எடுத்தவருக்குப் பிடிக்காமல் விட்டுப்போனவை எத்தனையோ! திரட்டு என்பது இன்னொருவர் நாக்கு. அதை வைத்துக்கொண்டு என் ருசியை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரமணல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் எல்லாத் திரட்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். ‘சிறந்த நூறு’ வகை வேறு, ஒரு காலத்தின் நெருக்கடியில் பிறந்த தொகுப்பு வேறு. ஈழத்தில் 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’, 1986இல் பெண்களின் ‘சொல்லாத சேதிகள்’. பல குரல்கள்தான், ஆனால் எல்லோரும் ஒரே தெருவில் நின்று பேசுகிறார்கள். அங்கே மூச்சு முட்டாது (வேறு காரணத்துக்கு முட்டும்).

ஈழக் கவிஞர் சிவரமணி 1991இல் இறப்பதற்கு முன் தன் கவிதைகளை எரித்துவிட்டார். ஏற்கனவே அச்சிலும் மற்றவர்கள் கையிலும் போயிருந்தவைதான் பிழைத்தன. ‘ஒரே கவிஞர், ஒரே புத்தகம்’ என்கிற வழி அவருக்கு எப்படிப் பொருந்தும்? அவர் பெயரில் புத்தகம் வந்ததே இறந்த பிறகுதான்.

கூழாங்கல்:
அது நியாயம். ‘சிறந்த நூறு’ வகையைத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரைப்பித்தன்:
இப்போது வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் :)

மூன்றாம்வரி:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். குறுந்தொகையைத் திறந்தேன். கூழாங்கல் சொன்னபடி ஒரே கவிஞரைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் 41ஆம் பாட்டில் மாட்டிக்கொண்டேன். காதலர் கூட இருக்கும்போது தலைவி விழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்கிறாளாம். போய்விட்டால், ஆட்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடுகிற வீடு மாதிரி ஆகிவிடுகிறாளாம். எழுதியவர் யார் என்று தேடினால் பெயரே ‘அணிலாடு முன்றிலார்’. இயற்பெயர் தொலைந்து, அந்த வரியையே பெயராக வைத்துவிட்டார்கள். அவர் பாடியதாகக் கிடைப்பது அந்த ஒரு பாட்டுதான். நாலு தடவை படித்தேன், ஒரு கவிஞரின் முழுத் தொகுப்பும் முடிந்துவிட்டது.

‘புலப்பில்’ மட்டும் உரை பார்க்காமல் புரியவில்லை. புலம்பு, இல் என்று பிரித்துத் தனிமையான வீடு என்கிறார்கள். உரையை முதலில் படிப்பதா, பாட்டையா?

உரைப்பித்தன்:
பாட்டு. புரியாவிட்டாலும் இரண்டு தடவை வாய்விட்டு. அப்புறம் உரை.

கூழாங்கல்:
இதில் மட்டும் அண்ணன் கட்சி. ஆனால் ஆத்மாநாமை வாங்கினீர்களா இல்லையா?