‘புரவலர் நகரம்’ சரிதானா? ‘அணியூர்’ என்று ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கிய தோழி கேட்டது எளிய கேள்விதான். ஐபிஎல் போன்ற லீக்கில் புதிய அணியைச் சேர்க்கும்போது அதற்கென்று ஒரு நகரத்தை முடிவு செய்கிறார்களே, ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட் சிட்டி’ என்கிற அந்த நகரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: புரவலர் நகரம், நடத்தும் நகரம், தாயக நகரம், சொந்த ஊர். எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். நான்கிலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. அதனால் ஐந்தாவதாக ஒரு சொல்லோடு வருகிறேன். அதற்கு முன் ஏன் இடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புரவலர் நகரத்துக்கு ஆதரவு அதிகம். ஆனால் புரவலர் என்றால் புரப்பவர், காப்பவர். இரவலருக்கு எதிரில் நிற்பவர். பாணருக்கும் புலவருக்கும் பரிசில் கொடுத்த மன்னரையும் வள்ளலையும் அப்படிச் சொன்னோம். இங்கே கொடுத்தது யார்? 2021 அக்டோபரில் துபாயில் இரண்டு புதிய ஐபிஎல் அணிகளை விற்றபோது லக்னோ அணிக்கு 7,090 கோடி ரூபாய் சொன்னது கொல்கத்தாவின் ஆர்பிஎஸ்ஜி குழுமம். அகமதாபாத் அணிக்கு 5,625 கோடி சொன்னது சிவிசி கேப்பிட்டல் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம். பணம் கொடுத்துக் காப்பவரே புரவலர் என்றால் அந்தப் பெயர் இவர்களுக்குத்தான் போக வேண்டும். லக்னோ நகரம் யாரையும் புரக்கவில்லை. தன் பெயரைக் கொடுத்தது, அவ்வளவுதான். ‘ஹோஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடத்திலெல்லாம் ஒரே தமிழ்ச் சொல்லை வைக்கப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. உயிரியல்காரர்கள் அந்த வலையில் விழாமல், ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை ஓம்புயிரி என்று தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். நாமும் நமக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம்.

நடத்தும் நகரம் நல்ல சொல். ஆனால் அது வேறொரு பொருளுக்கு உரியது. ஒலிம்பிக்கை ஒரு நகரம் நடத்துகிறது. உலகக் கோப்பை ஆட்டங்களைச் சில நகரங்கள் நடத்துகின்றன. போட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும். அணிக்கும் ஊருக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது இல்லை.

இதற்கு 2022 ஐபிஎல்லை விடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. குஜராத் டைட்டன்ஸ், லக்னோ சூப்பர் ஜயன்ட்ஸ் என்ற இரண்டு புதிய அணிகளும் களமிறங்கிய முதல் ஆண்டு அது. பெருந்தொற்று காரணமாக லீக் ஆட்டங்கள் எல்லாம் மும்பை, நவி மும்பை, புனே மைதானங்களிலேயே நடந்தன. லக்னோ அணி அந்த ஆண்டு முழுக்க லக்னோவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. குஜராத் அணி அகமதாபாத்தில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், இறுதி ஆட்டம். மே 29 அன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் ஊரில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோப்பையை வாங்கியது. அப்படியானால் அந்த ஆண்டு லீக் ஆட்டங்களை நடத்தியது மும்பையும் புனேயும். ஆனால் அணிகளின் ஊர் லக்னோவும் அகமதாபாத்தும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் அந்த ஆண்டின் கதையைத் தமிழில் ஒழுங்காகச் சொல்லவே முடியாது.

இலங்கையிலும் இதே கதைதான். 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி வந்தது, முதல் கோப்பையையும் வென்றது. அத்தனை ஆட்டங்களும் நடந்தது அம்பாந்தோட்டையில். மகளிர் பிரீமியர் லீக்கும் அப்படியே: 2023இல் அகமதாபாத், மும்பை, பெங்களூரு, டெல்லி, லக்னோ என ஐந்து ஊர்களுக்கு அணிகள் கிடைத்தன. முதல் பருவம் முழுக்க மும்பையிலும் நவி மும்பையிலும் நடந்து முடிந்தது.

தாயக நகரம் வேண்டாம் என்று இலங்கை நண்பர் ஒருவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். தாயகம் என்ற சொல்லுக்கு ஈழத்து வாசகர்களிடம் இருக்கும் கனம் வேறு. அதை இருபது ஓவர் ஆட்டத்துக்கு இறக்கக் கூடாது.

சொந்த ஊர் எனக்கும் பிடித்த சொல். நாளிதழ்களில் ‘சொந்த மண்ணில்’ என்று எழுதுவதும் இதை ஒட்டித்தான். ஆனால் சொந்த ஊர் மாறாது. பிழைக்கப் போன ஊர்தான் மாறும். நம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கையே பாருங்கள். 2016இல் தூத்துக்குடி பெயரில் தொடங்கிய அணி பின்னால் சேலத்துக்குப் போனது. காரைக்குடி அணி திருப்பூர் ஆனது. காஞ்சி அணி நெல்லை ஆனது. ‘அணி தன் சொந்த ஊரை மாற்றியது’ என்று எழுதினால் கேட்பவருக்கு விநோதமாக இருக்கும்.

சரி, என் பரிந்துரை: அணியூர்.

அணி, ஊர் இரண்டும் சேரும்போது உடம்படுமெய்யாக யகரம் வந்து அணியூர் ஆகிறது. ஓர் அணி எந்த ஊரைச் சார்ந்து, எந்த ஊருக்கு உரியதாகப் பதிவு பெறுகிறதோ அந்த ஊர். இந்தச் சொல்லை நான் வெறுமனே ஒட்டிச் செய்யவில்லை. ‘ஹோம், அவே’ ஆட்டங்களை நாம் ஏற்கெனவே உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்கிறோம். உள்ளூர், வெளியூர், அணியூர் என்று ஒரே குடும்பமாக வந்து நிற்கிறது. வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஏற்கிறது: அணியூரில், அணியூருக்கு. உள்ளூர் ரசிகர்களை அணியூர்க்காரர்கள் என்றும் சொல்லிவிடலாம்.

‘அகமதாபாத் பெருநகரம், அதைப் போய் ஊர் என்பதா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நகரம் என்பது அளவைச் சொல்கிறது, ஊர் என்பது உறவைச் சொல்கிறது. மும்பையில் பிறந்து வளர்ந்தவரிடமும் ‘உங்களுக்கு எந்த ஊர்’ என்றுதான் கேட்கிறோம். ‘எந்த மாநகராட்சி’ என்று யாரும் கேட்பதில்லை. அணியூர் ஏதோ ஒரு கிராமத்தின் பெயர் மாதிரி ஒலிக்கிறது என்றும் ஒரு குறை வரலாம். உள்ளூரும் வெளியூரும் அப்படித்தான் முடிகின்றன, யாரும் குழம்புவதில்லை. பழகிவிடும்.

இன்னொரு வசதி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். அணியின் பெயர், மைதானம், ஊர் மூன்றையும் இந்தச் சொல் பிரித்துக் காட்டும். குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப் அணிகளின் பெயரில் இருப்பது மாநிலம். குஜராத்தின் அணியூர் அகமதாபாத், ராஜஸ்தானின் அணியூர் ஜெய்ப்பூர். 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணி சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தோடு புனேவுக்குப் போக வேண்டி வந்தது. ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனார்கள். அப்போது மாறியது மைதானம் மட்டும், அணியூர் சென்னைதான். 2011இல் புனே வாரியர்ஸ் தன் உள்ளூர் ஆட்டங்களை நவி மும்பையில் ஆடியதும் இதே வகை. அந்த ரயிலில் போனவர்களின் மனநிலையை ‘நடத்தும் நகரம்’ என்ற சொல்லால் விளக்கவே முடியாது.

அப்புறம், தொடர்புள்ள சொற்கள். சில அணிகள் சில ஆண்டுகளில் இரண்டு மூன்று ஆட்டங்களை இன்னொரு ஊரிலும் ஆடியிருக்கின்றன: ராஜஸ்தானுக்குக் குவஹாத்தி, பஞ்சாபுக்குத் தர்மசாலா, டெல்லிக்கு விசாகப்பட்டினம். இவற்றைத் துணையூர் எனலாம். 2021இல் புதிய அணிகளுக்காக இந்தியக் கிரிக்கெட் வாரியம் போட்ட பட்டியலில் அகமதாபாத், லக்னோ, இந்தூர், கட்டாக், குவஹாத்தி, தர்மசாலா என ஆறு ஊர்கள் இருந்தன. குவஹாத்தியும் தர்மசாலாவும் அணியூர் ஆகவில்லை, துணையூர்களாக இருக்கின்றன. அங்குள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதாக இருக்காது. தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்த அவர்களுக்கு ஓர் அணி இல்லை.

‘அணியூர்த் தேர்வு’ என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தேர்வு என்றால் ஊர்கள் விண்ணப்பித்து, ஒரு குழு ஆராய்ந்து எடுத்ததுபோல் தோன்றும். ஒலிம்பிக்கில் நகரங்கள் தாமே முன்வந்து கேட்கின்றன. ஐபிஎல்லில் எந்த ஊரும் கேட்பதில்லை. வாரியம் பட்டியல் போடுகிறது. வாங்க வருபவர் எந்த ஊருக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார். 2021இல் அடிப்படை விலை 2,000 கோடி. மிகுந்த தொகை எந்த ஊரின் பேரில் வந்ததோ அந்த ஊருக்கு அணி. 2010 மார்ச்சில் வேறு இரண்டு புதிய அணிகளுக்காகத் தொகை எழுதித் தந்த உறைகளைச் சென்னையில் பிரித்தபோதும் இதுவே நடந்தது. அகமதாபாத் அப்போதும் பட்டியலில் இருந்தது; புனேவுக்கும் கொச்சிக்கும் அதிகத் தொகை எழுதியிருந்ததால் அணிகள் அங்கே போயின. புனேவுக்கு 37 கோடி டாலர், கொச்சிக்கு 33 கோடி டாலருக்கும் மேல். கொச்சி அணி ஒரே பருவத்தோடு கலைந்தது, புனே வாரியர்ஸ் மூன்று பருவங்களில் விலகியது. அந்த ஊர்க்காரர்கள் கேட்டு வந்ததும் இல்லை, அவர்களைக் கேட்டுப் போனதும் இல்லை. ஆகவே வாரியம் போடுவதை அணியூர்ப் பட்டியல் என்றும், வாங்குபவர் எழுதிக் கொடுப்பதை அணியூர் கோரல் என்றும் சொல்லலாம். தேர்வு என்ற சொல்லை நகரங்கள் உண்மையாகவே போட்டியிடும் இடத்துக்கு விட்டுவைப்போம்.

இதோடு ஒட்டி ஒரு வேண்டுகோள். இதை ‘ஏலம்’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். ஏலம் என்றால் ஒருவர் கேட்டதற்கு மேல் இன்னொருவர் கூவிக் கேட்பது. வீரர்களுக்கு நடப்பது ஏலம்தான். அணிகளுக்கு நடந்தது மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுப்பது. அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: ஒப்பந்தப்புள்ளி. ‘மூடி முத்திரையிடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன’ என்று அரசு விளம்பரங்களில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு எழுதினார் என்று தெரியாததால்தான் இரண்டாவதாக வந்த தொகைக்கும் 7,090 கோடிக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி விழுந்தது. ஏலமாக இருந்தால் அப்படி விழாது. சொல் தவறினால் காரணமும் மறைந்துபோகிறது.

துணையூர் பற்றி எனக்கு முழு நிறைவு இல்லை. துணைநகரம் என்ற பழைய சொல்லோடு குழம்புமோ என்று ஒரு சந்தேகம். இரண்டாம் அணியூர் என்று நீட்டிச் சொல்வதா, துணையூரே போதுமா என்பதை இலக்கணம் அறிந்த ஐயாக்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.